அறுநூற்றுப் பதினான்கு காக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். உன் அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நம்முடைய "துணி எடு" பலகை விளையாட்டில் நேற்று வரைக்கும் பதினோரு தடவை தோற்றிருக்கிறார். மேகச் சீட்டு விழுந்ததும் மற்றவர்கள் மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். இவர் மட்டும், சட்டை இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். "கண்டுபிடிச்சவளே என் பொண்டாட்டி, எனக்குன்னு கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். சின்னவள், "அதை மழைகிட்ட போய்க் கேளுங்கப்பா" என்றாள்.

தொழில் விஷயத்தைப் போனில் பேசினால் சண்டையாகி, உன் அண்ணன் நடுவில் மாட்டிக்கொள்கிறார் என்பதால்தான் கடிதத்தில் மட்டும் பேசுவது என்று நாம் விதி போட்டோம். அதன்படி, கிழிந்துபோன இந்த மாதிரிப் பெட்டிக்குள் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன்.

நல்ல சேதி: இணையத்தில் முன்கூட்டியே பணம் கட்டிய அறுநூற்றுப் பதினான்கு பேருக்கும் பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு மாதம் தாமதம்தான். ஆனாலும் ஒருவர்கூடத் திட்டவில்லை. நீ செய்த பெட்டியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று வருகிறதாம், அதற்காகவே திறந்து திறந்து மூடுகிறார்களாம்.

இனி உன் பட்டறையில் மீதி இருக்கும் முந்நூற்றறுபது பெட்டிகள். உங்கள் ஊர்க் கடைக்காரர் நூறு கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். தாராளமாகக் கொடு. ஆனால் விலை நூற்றிருபதுக்குக் கீழே போகக் கூடாது. முன்பணம் கட்டியவர்கள் கொடுத்தது நூற்றிருபது. பணம் திரட்டிய பக்கத்தில் நான் எழுதியிருந்தது உனக்கு நினைவிருக்கும்: "மரக் காக்கா உங்களுக்கு மட்டுமே. உங்களைவிடக் குறைந்த விலைக்கு வேறு யாரும் வாங்கப்போவதில்லை." ஆகவே கடைக்குப் போகும் பெட்டியில், அவர்களுக்குப் பரிசாக வைத்த அந்தக் குட்டிக் காக்கா பொம்மையும் இருக்கக் கூடாது.

வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடு. பசை வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்லாதே.

பாசத்துடன்,
உன் அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிந்த பெட்டியும் கிடைத்தது. அதைக் கிழித்தது கூரியர்காரர் என்று எழுதாமல் விட்டீர்களே, பெரிய மனசு. அந்தக் கிழிசலைப் பார்த்தாலே தெரிகிறது, சின்னவள் அதன் மேல் ஏறி நின்றிருக்கிறாள்.

பதினோரு தடவை தோற்ற அண்ணனுக்கு என் அனுதாபம். சின்ன வயசிலிருந்தே அவர் அப்படித்தான். மழை பெய்து முடிந்த பிறகு குடையைத் தேடுவார்.

இப்போது என் புலம்பலைக் கேளுங்கள். முந்நூற்றறுபது பெட்டி என்று நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். இங்கே வந்து பார்த்தால் தெரியும். வெட்டும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நான் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். பசை ஒட்டும் பெண்கள் மூன்று பேரும் உங்கள் பெட்டிகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். மார்ச்சில் செருப்புக் கம்பெனிக்கு நாலாயிரம் பெட்டி மடிக்க வேண்டும். அதை எங்கே அடுக்குவது, என் தலை மேலா?

கடைக்காரர் வந்து பார்த்தார். விலையைச் சொன்னதும் சிரித்தார். "நூத்திருபதா? அது ஆசைப்பட்டு முன்னாடியே கட்டுனவங்க விலைம்மா. கடைல கையில எடுத்துப் பார்த்து வாங்குறவன் நூறைத் தாண்ட மாட்டான்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அண்ணி. அந்த அறுநூறு பேருக்கும் விளையாட்டு முதலில் கிடைத்தது, பின்பக்கம் பெயர் அச்சாகியிருக்கிறது, காக்கா கிடைத்தது. அதோடு சரி. ஆறிப்போன காப்பியைச் சூடான காப்பி விலைக்கு விற்க முடியுமா?

இன்னொன்று. காக்கா இல்லாத பெட்டியைத் திறந்தால் உள்தட்டில் காக்கா வடிவத்தில் ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. கடைக்காரர் அதற்குள் விரலை விட்டுப் பார்த்து, "இங்க என்ன காணோம்?" என்றார். எனக்கு மானமே போய்விட்டது. போகட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் என் அன்பு. அண்ணனிடம், பன்னிரண்டாவது தடவை தோற்றால் எனக்குத் தனியாகக் கடிதம் போடச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் நடக்கும்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

என் நாத்தனாருக்கு,

பன்னிரண்டு ஆகிவிட்டது. பதின்மூன்றும் ஆகிவிட்டது. எழுத வெட்கப்படுகிறார்.

காப்பி உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறுநூற்றுப் பதினான்கு பேர் சூடான காப்பி வாங்கவில்லையே! அடுப்பு வாங்கவே பணம் கொடுத்தார்கள். அன்றைக்கு நம்மிடம் என்ன இருந்தது? என் ஆபீஸ் வரைபடத் தாளில் போட்ட ஒரு மொட்டைமாடிப் படம், உன் அண்ணன் கை நடுங்க எடுத்த ஒரு வீடியோ. அதில் பாதி நேரம் அவர் கட்டைவிரல்தான் தெரியும். அதை நம்பிப் பணம் கட்டினார்கள். முதல் மணி நேரத்தில் கட்டிய ஒரு நர்ஸ், "சம்பளம் வந்த அன்னைக்கே கட்டிட்டேன், ஏமாத்திடாதீங்க" என்று எழுதியிருந்தார். அந்த நர்ஸ் நாளைக்கு ஒரு கடைக்குள் நுழைந்து, அதே பெட்டியைத் தொண்ணூற்றைந்துக்குப் பார்த்தால் என்ன நினைப்பார்? முன்னாடி நம்பினதுக்குத் தண்டம் கட்டினோம் என்றுதானே?

காக்கா விஷயத்தில் இங்கேயும் தொல்லை. யாரோ ஒருவர் தன் பெட்டியை இணையத்தில் முந்நூற்றைம்பதுக்கு ஏலம் போட்டிருக்கிறார், "காக்கா உள்ளது" என்று கொட்டை எழுத்தில். அதைப் பார்த்ததிலிருந்து உன் அண்ணனுக்குத் தூக்கமில்லை. "நாமளே இன்னும் நூறு காக்கா செஞ்சு தனியா வித்தா என்ன?" என்று கேட்கிறார். வாக்கு என்ன ஆகும் என்றேன். "காக்காதானே" என்றார். காக்கா சின்னதுதான், நான் கொடுத்த வாக்கு சின்னதில்லை.

குழி காலியாகவே இருக்கட்டும். யாராவது கேட்டால், முன்னாடி நம்பினவங்களோட இடம் என்று சொல்.

இட நெருக்கடி எனக்குப் புரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள். நாம் சேர்த்து வைத்திருக்கும் பதிமூவாயிரத்தில்தான் அடுத்த விளையாட்டு. பெயர்கூட வைத்துவிட்டேன்: "எட்டு மணி". ஒரே குளியலறை, ஏழு பேர், எல்லாருக்கும் வேலைக்குப் போகிற அவசரம். இதற்கும் அந்த அறுநூறு பேர்தான் முதலில் வருவார்கள். வர வேண்டுமென்றால் அவர்களுக்கு நம் மேல் நம்பிக்கை இருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 14

நாத்தனாருக்கு,

இந்தக் கடிதத்தில் நல விசாரிப்பு கிடையாது.

முன்பணம் கட்டியவர்களில் ஒரு பல் டாக்டர், உங்கள் ஊருக்கு ஏதோ கருத்தரங்குக்கு வந்திருக்கிறார். கடைவீதியில் நம் பெட்டியைப் பார்த்துச் சந்தோஷமாக உள்ளே போயிருக்கிறார். எனக்கு இரண்டு படம் அனுப்பினார். முதல் படத்தில் விலைச் சீட்டு. தொண்ணூற்றொன்பது. இரண்டாவது படத்தில் பெட்டி திறந்திருக்கிறது. குழியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது காக்கா!

படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "அம்மா, நீங்க நல்லவங்கன்னு என் வீட்ல சொல்லி வச்சிருந்தேன்."

ஆபீசில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தேன். படத்தைப் பார்த்த பிறகு வரைந்த படி, மேலே போய்ச் சுவரில் முட்டி நிற்கிறது. என்ஜினியர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் உன் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்தார். இன்றைக்கு விளையாடலாமா என்றுகூட அவர் கேட்கவில்லை.

நான் இரண்டே இரண்டு விஷயம் சொன்னேன். விலை, காக்கா. இரண்டையும் நீ செய்திருக்கிறாய். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்க உனக்கு யார் சொன்னது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அதைவிட அவமானமாக இருக்கிறது.

பதில் எழுது. சமாதானம் வேண்டாம், நடந்ததைச் சொல்.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

நடந்ததைச் சொல்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை.

முதலில் காக்கா. இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி செய்கிறேன். நான் செய்த தட்டில் ஒரு குழி காலியாக இருந்தால், வாங்குகிறவர் என்ன சொல்வார் தெரியுமா? சாமான் விட்டுப்போச்சு, பெட்டிக்காரிக்குப் பொறுப்பில்லை என்பார். உங்கள் இணையப் பக்கத்தில் எழுதிய வாக்கையா அவர் படித்திருக்கப்போகிறார்? கடைக்காரர் விரலை விட்ட அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள், முதல் காக்காக்களைச் செய்த தச்சரிடமே போய், மீந்த மரத்தில் முந்நூற்றறுபது காக்கா வெட்டச் சொன்னேன். கூலி என் கையிலிருந்துதான். குழிகள் நிறைந்ததும் என் மனசும் நிறைந்தது. சத்தியமாக அப்போது உங்கள் வாக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை. குழி காலியாகவே இருக்கட்டும் என்ற உங்கள் கடிதம் வந்தபோது காக்கா எல்லாம் உட்கார்ந்துவிட்டது.

விலை விஷயம் அப்படி இல்லை. அது தெரிந்து செய்தது. செருப்புக் கம்பெனி அட்டை லாரியில் வந்து வாசலில் நிற்கிறது, இறக்க இடமில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு, "தொண்ணூத்தொன்பதுக்கு வித்துக்கோங்க, இன்னைக்கே நூறு பெட்டிய எடுத்துட்டுப் போங்க" என்றேன். உங்களை ஏன் கேட்கவில்லை? கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. தப்புதான்.

ஆனால் அண்ணி, ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இது என் தொண்டையிலேயே நிற்கும். உங்கள் விளையாட்டுப் படத்தை முதலில் பார்த்து "நல்லா இருக்கு, செய்யலாம்" என்றது யார்? அந்த நர்ஸ் பணம் கட்டுவதற்கு எட்டு மாதம் முன்பே ஒன்பது மாதிரிப் பெட்டி செய்து அனுப்பினேன். ஒன்றுக்கும் காசு கேட்டதில்லை. பெட்டியின் பின்பக்கம் "எங்களை நம்பியவர்கள்" என்று அறுநூற்றுப் பதினான்கு பெயர். அந்தத் தாளை அத்தனை பெட்டியிலும் ஒட்டியது நானும் என் பெண்களும்தான். ஒட்ட ஒட்டப் படித்தேன். பல் டாக்டர் பெயர் இருந்தது, நர்ஸ் பெயர் இருந்தது, எவனோ "மீசைக்காரன்" என்று ஒருவன் இருந்தான். என் பெயர் இல்லை. எனக்கு வலித்தது அண்ணி. இதை என் தப்புக்குச் சாக்காகச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு. ஆனாலும் வலித்தது.

அண்ணன் விளையாடக் கேட்கவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான் அழுதேன்.

நாத்தனார்


மார்ச் 27

என் அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தோடு. காக்கா எல்லாம் உட்கார்ந்துவிட்டது என்ற இடத்தில், கோபத்துக்கு நடுவிலேயே சிரிப்பு வந்து தொலைத்தது. இரண்டாவது தடவை பின்பக்கத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அறுநூற்றுப் பதினான்கு பெயரையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பணம் கட்டியவர்களின் பட்டியலைப் பார்த்துத் தட்டினேன். நீ அந்தப் பட்டியலில் எப்படி இருப்பாய்? நீ பக்கத்திலேயே இருந்தாய், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு. என்ன மனுஷி நான்!

மூன்றாவது தடவை உன் அண்ணன் சத்தமாகப் படித்தார். "இவ பேரை விட்டுட்டியா?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதின்மூன்று தோல்விக்கும் சேர்த்துப் பழி வாங்கிவிட்டார்.

மீதிப் பெட்டிகளில் புதுத் தாள் ஒட்டலாம். முதல் பெயர் உன்னுடையது.

ஆனால் வாக்கு வாக்குதான். முன்பணம் கட்டிய அத்தனை பேருக்கும் உண்மையை எழுதப்போகிறேன். இதோ வரைவு:

"கடையில் நம் விளையாட்டு தொண்ணூற்றொன்பதுக்குக் காக்காவோடு விற்கப்பட்டது. இது நாங்கள் உங்களுக்குச் சொன்னதற்கு நேர் விரோதம். என் தவறு. நீங்கள் அதிகமாகக் கொடுத்த இருபத்தொன்றைத் திருப்பித் தருகிறேன். ஒரு வரி எழுதுங்கள், போதும்."

எல்லாரும் கேட்டால் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். "எட்டு மணி" அத்தோடு முடிந்தது. ஏழு பேரும் குளிக்காமலே வேலைக்குப் போக வேண்டியதுதான். வருத்தம்தான், என்ன செய்வது? ஏமாற்றிய பணத்தில் அடுத்த விளையாட்டை ஆரம்பித்தால் அது எனக்கு விளங்காது.

வரைவைப் பார்த்துச் சொல். நீ பார்க்காமல் அனுப்ப மாட்டேன்.

உன்
அண்ணி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வரைவில் ஒரு பிழை இருக்கிறது. "என் தவறு" என்று எழுதியிருக்கிறீர்கள். செய்தது நான். "எங்கள் தவறு" என்று மாற்றி, கீழே என் கையெழுத்தையும் போடுங்கள். தனித் தாளில் போட்டு அனுப்பியிருக்கிறேன். நாலு தடவை போட்டுப் பார்த்தேன், நாலும் வேறு வேறு மாதிரி வந்திருக்கிறது. நல்லதாக ஒன்றை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு யோசித்தேன். அவர்கள் பார்க்காமல் நம்பியவர்கள். நான் ஒன்பது மாதிரிப் பெட்டியும் பார்த்தவள். பணம் வாங்கிக்கொண்டு வாக்குக் கொடுத்தவர்களின் பக்கம் நான் நிற்கிறேன். இத்தனை நாள் அது உங்கள் வாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் சுலபமாக உடைத்தேன். இனிமேல் அது என்னுடையதும்தான்.

இப்போது நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். கடையில் முப்பத்தொன்பது பெட்டி விற்றுப்போய்விட்டது. மீதி அறுபத்தொன்றைத் திரும்பக் கேட்கப் போனேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் இருந்த பெண், "ரிட்டர்னெல்லாம் அவர்கிட்டதான் பேசணும். வாங்குறதா இருந்தா பில் போட்டுத் தரேன்" என்றாள். அங்கே நின்றிருக்கும்போதே ஒருவர் பெட்டியை எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையிலிருந்ததையும் சேர்த்து, அறுபத்தொன்றையும் முழு விலை கொடுத்து வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். நான் செய்த பெட்டிக்கு நானே பில் போட்டு வாங்கிய ஒரே ஆள் நான்தான்.

சாயங்காலம் கடைக்காரர் போன் செய்கிறார். "அம்மா! ஒரே மத்தியானத்துல அறுபத்தொன்னு போயிடுச்சு! சுக்கிர திசை அடிச்சிருக்கு உங்களுக்கு! நூத்திருபது இல்ல, நூத்திமுப்பதுக்கே போடுறேன், இன்னும் இருநூறு அனுப்புங்க!"

ஒரு நிமிஷம், அனுப்பிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. இடமும் காலியாகும், பணமும் வரும். பிறகு, "வாங்கினது நான்தாங்க" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். கடைசியில், "காக்கா இல்லாம நாப்பது அனுப்புங்க, நூத்திருபது போட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

அதனால் மீதிப் பெட்டிகளிலிருந்து முந்நூற்றிருபத்தொரு காக்காவையும் பிடுங்கிவிட்டோம். குழிக்கு என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஒட்டுகிற பெண்களில் மூத்தவள் கேட்டாள்: "அக்கா, குழியே இல்லாத தட்டு வெட்டினா என்ன?" அண்ணி, நான் அட்டைக்காரி! தச்சரிடம் ஓடினேனே தவிர என் மெஷினிடம் போகத் தோன்றவில்லை பாருங்கள். இரண்டே நாளில் புதுத் தட்டு தயார்.

கடிதத்தை அனுப்புங்கள். வருவது வரட்டும்.

உங்கள்
நாத்தனார்


ஏப்ரல் 25

என் நாத்தனாருக்கு,

கடிதத்தை அனுப்பிவிட்டு இரண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. உன் அண்ணன்தான் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார், பரீட்சை முடிவு வாசிக்கிற மாதிரி.

ஐம்பத்தெட்டுப் பேர் பணம் திருப்பிக் கேட்டார்கள். அன்றைக்கே அனுப்பிவிட்டோம். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மூன்று பேர், பணமும் வேண்டாம், இனி உங்கள் விளையாட்டும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர் அந்த நர்ஸ். நானே தனியாக எழுதினேன், பதில் வரவில்லை. அது மனசில் கிடக்கிறது. நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மற்றவர்கள் எல்லாரும் பணத்தை அடுத்த விளையாட்டுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்! பல் டாக்டர், "வீட்ல சொன்னதை மாத்த வேண்டியதில்ல" என்று எழுதியிருக்கிறார். மீசைக்காரன் என்று நீ எழுதினாயே, அது ஒரு பெண். "என் பெட்டியில இரண்டு காக்கா இருந்துச்சு, இத்தனை நாள் சொல்லல, நானும் கள்ளிதான்" என்கிறாள்.

எனக்குப் பிடித்தது ஒரு கணக்கு வாத்தியாரின் கடிதம். விலையை எப்போதுமே குறைக்கக் கூடாது என்று எழுதியதே தப்பு என்கிறார். "ஒரு வருஷம் கழித்துக் குறைத்தால் எனக்குக் கோபம் வராது. அதற்குள் நான் ஒரு வருஷம் விளையாடியிருப்பேன். பெட்டி வந்த மாதத்திலேயே குறைத்தால்தான் முட்டாளாகிவிட்டேன் என்று தோன்றும்" என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு நியாயம்! இதையே எல்லாரிடமும் கேட்டேன், பெரும்பாலோர் சரி என்றார்கள். ஆகவே ஒரு வருஷத்துக்கு நூற்றிருபது. அதன் பிறகு குறைப்பதாக இருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான். நீ மாட்டேன் என்று சொன்னால் மாற்றலாம். உன் கையெழுத்தும் இருக்கிறதே.

பிடுங்கிய காக்காக்களைப் பத்திரமாக வை. முன்பணம் கட்டியவர்களில் யாருடைய காக்காவாவது தொலைந்தால் இலவசமாக அனுப்பலாம். இப்போதே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்றை நாய் தின்றுவிட்டதாம்.

உன் அண்ணன் ஆபீஸ் வேலையாக அடுத்த வாரம் உன் ஊருக்கு வருகிறார். "எட்டு மணி" பலகையின் முதல் படத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பெட்டி மேல் "அண்ணி, நாத்தனார்" என்று இரண்டு பேரையும் போடப்போகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, இதை நான் உன்னைக் கேட்கவில்லை.

நிறைந்த அன்புடன்,
உன் அண்ணி


மே 6

அன்பும் மரியாதையும் பயமும் கலந்து என் அண்ணிக்கு,

அண்ணன் வந்தார், இரண்டு நாள் இருந்தார், என் பசை ஒட்டும் பெண்களிடமும் "துணி எடு" விளையாடித் தோற்றார். இதோடு பதினாறாம், ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அதனால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கிளம்புகிற அன்றைக்குப் பட்டறைக்கு வந்து, பெட்டி அடுக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "ஆபீஸ்ல பத்து பேர் கேக்கறாங்க, பத்துப் பெட்டி குடு. நம்ம ஆளுங்கதானே, தொண்ணூறு போட்டுக்க" என்றார்.

"நூத்திருபது" என்றேன்.

"நான் உன் அண்ணன்டி!"

"தெரியும். நூத்திருபது."

"சரி, ஆளுக்கு ஒரு காக்காவாவது போடு. டப்பா நிறைய வச்சிருக்க."

"அது முன்னாடி நம்பினவங்களுக்கு. நீங்க முன்னாடி பணம் கட்டுனீங்களா? வீடியோ எடுத்தீங்க, அதுல கட்டைவிரலை நம்பி அறுநூறு பேர் கட்டினாங்க. நீங்க கட்டல."

மூன்று பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்து, "இவளுக்குச் சின்ன வயசுல மிட்டாயைப் பாதியா ஒடச்சுக் குடுத்தவன் நான்" என்றார். பெரிய பாதியை யார் தின்றது என்று கேட்டேன். உடனே பணத்தை எடுத்தார். ஆயிரத்து இருநூறு, எண்ணி வாங்கிக்கொண்டேன். வாசல் வரைக்கும் முறைத்துக்கொண்டே போனவர், திரும்பி வந்து, "நீயும் உன் அண்ணியும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க, இனி எனக்கு இந்த உலகத்துல யாருமில்ல" என்றார். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

நர்ஸ் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. விலாசம் கொடுங்கள். நான் ஒரு கடிதம் எழுதுகிறேன். திரும்பி வரச் சொல்லி இல்லை. காக்கா போட்டது நான்தான், உங்கள் மேல் கோபம் வேண்டாம் என்று மட்டும்.

ஒரு வருஷ விலைக்குச் சம்மதம். பெட்டி மேல் பெயருக்கும் சம்மதம், நீங்கள் கேட்காவிட்டாலும்.

"எட்டு மணி" படத்தைப் பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஆனால் வேலை ஆரம்பிக்கும் முன் சில கேள்விகள். சோப்புக்குத் தட்டில் குழி உண்டா? உண்டென்றால் எல்லாப் பெட்டியிலும் சோப்பு உண்டா? முன்பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஏதாவது உண்டா? இருந்தால் அதைப் பெட்டிக்கு வெளியே தனி உறையில் வைக்கலாமா? மூடி நீலமா, பச்சையா? நீலம் என்றால் எந்த நீலம்? தாளைப் பசையால் ஒட்டுவதா, மடித்துச் செருகுவதா? அண்ணி, உங்களைக் கேட்காமல் இனி ஒரு அட்டையைக்கூட மடிக்க மாட்டேன். எல்லாவற்றையும் கேட்பேன், தினமும் கேட்பேன். அதை எப்படித் தாங்கப்போகிறீர்களோ, அது உங்கள் பாடு.

உங்கள் பங்காளி,
நாத்தனார்